எதிர்வீட்டுச் சுவர்

அவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். சாப்பிடும்போதும் தொங்கும், கழற்ற மறந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதும் தொங்கும். கணவன் கேலியாக ஆரம்பித்த பெயர் கடைக்குப் பரவி, கடைசியில் பெற்ற அப்பாவே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

ஊரிலுள்ள பாதி ஜன்னல்களில் அவள் தைத்த திரைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. சொந்தமாக அவளுக்கு ஒரு ஜன்னல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னும் வாடகை வீடு, பின்னும் வாடகை வீடு. எத்தனை ஓனர்கள் மாறினாலும் இரண்டு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குழாய் ஒழுகுகிறது என்று போய் நின்றால், "பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' வந்தபிறகு யாரும் வந்து பார்த்ததில்லை.

அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடையை விட்டபோது நாற்காலி, கத்தரி எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மட்டும் விற்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதை மாட்ட எந்த ஓனரும் சம்மதிக்கவில்லை. போர்வை சுற்றி, சுவரைப் பார்த்தபடி கட்டிலுக்குப் பின்னால் நின்றே அதுவும் வீடு வீடாகக் குடிமாறியது.

"கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது பாரு" என்பார் அப்பா.

பிறகு அவர் கண் மங்க ஆரம்பித்தது. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். நிறுத்த மருந்து கிடையாது. பார்வை இருக்கிறப்பவே வீட்டைக் காலுக்குப் பழக்கிக்குங்க. பழகின வீட்டுல ராஜா மாதிரி இருக்கலாம்."

"எந்த வீட்டை டாக்டர்?" என்றார் அப்பா. "எங்களுக்குத்தான் அது அடிக்கடி மாறுமே."

அன்று டேப்பு வீட்டுக்கு வந்ததும் கணவனை எழுப்பினாள். அவன் பேக்கரியில் மாஸ்டர். விடியுமுன் போய் மாவு பிசைந்துவிட்டு மதியம் வந்து தூங்குகிறவன்.

"நாம ஒரு வீடு வாங்கணும்" என்றாள்.

"சரி" என்றான் தூக்கத்திலேயே. விழித்தபிறகும் அந்தச் சரியை அவன் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அவனிடம் அவளுக்குப் பிடித்ததே இந்தக் குணம்தான்.

நகரத்தின் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. நாலு கட்டடம், நடுவே புல்தரை, பின்னால் நீச்சல்குளமாகப் போவதாகச் சொல்லப்பட்ட ஒரு பள்ளம். இவர்கள் கையெழுத்துப் போட்ட வீடு கடைசிக் கட்டடத்தில் இன்னும் கம்பியும் சாரமுமாக ஆகாயத்தில் இருந்தது. ஆனால் வாசலருகே, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரி வீட்டை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தார்கள்.

"உங்க வீடும் அச்சு அசலா இதேதான் மேடம். ஒரு அங்குலம் கூடக் குறையாது" என்றார் விற்பனைக்காரர்.

டேப்பு கழுத்திலிருந்ததை உருவினாள். ஜன்னல், கதவு, சமையல் மேடை, கூடத்துச் சுவர் என்று எல்லாவற்றையும் அளந்தாள். கூடத்துச் சுவரில் கண்ணாடிக்கான இடத்தை மனதிலேயே குறித்துக்கொண்டாள். கடைக்குப் போய், மீந்த துணிகளில் நல்லதாகப் பார்த்து, தன் ஜன்னல்களுக்குத் திரை தைக்கவும் தொடங்கிவிட்டாள்.

அப்பாவுக்கு அந்த மாதிரி வீடு பள்ளிக்கூடமாகிப்போனது. ஒவ்வொரு விடுமுறை நாளும் அவரை அங்கே கூட்டிவந்தார்கள். உள்ளே நுழைந்தால் வலது கைப்பக்கம் சமையலறை. நேரே கூடம். இடது பக்கம் திரும்பினால் அவருடைய அறை, அதை ஒட்டிக் குளியலறை. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு. சுவரைத் தடவினார், கதவு நிலையை முழங்கையால் உரசிப் பார்த்தார், மூலைகளைத் தட்டினார்.

விற்பனைக்காரர் மாஸ்டரைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டார்: "பெரியவர் பூச்சு வேலையைச் சோதிக்கிறாரா சார்?"

"ஆமா. தட்டிப் பார்த்தே சிமெண்டு எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு சொல்லிடுவாரு" என்றான் மாஸ்டர் முகம் மாறாமல். அதற்குப்பிறகு அவர்கள் வரும்போதெல்லாம் குளிர்பானம் வந்தது.

கடைசியாகப் போன நாளில் அப்பா இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனார், தம்ளரில் தண்ணீர் பிடித்தார், சிந்தாமல் கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து குடித்தார்.

"இனிமே கண்ணு போனாப் போகட்டும்" என்றார்.

சாவி கைக்கு வந்தபோது அது ஏறக்குறையப் போயும்விட்டிருந்தது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன.

லிஃப்டிலிருந்து டேப்பு அவர் கையைப் பிடித்து நடத்திவந்தாள். கதவைத் திறந்ததும் அப்பா அவள் கையை உதறினார். "விடு. இது நம்ம வீடு. நான் போய்க்கிறேன்." மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உள்ளே நுழைந்து, வலது பக்கம் திரும்பி, தயங்காமல் ஓர் அடி வைத்தார். நெற்றி போய்ச் சுவரில் மோதியது.

மோதிய சத்தத்தைவிட அவர் முகம்தான் டேப்புவைப் பயமுறுத்தியது. வலியே இல்லை அதில். பேருந்தில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டவனின் முகம்.

சமையலறை இடது பக்கம் இருந்தது. அப்பாவின் அறை வலது பக்கம். நடுவில் லிஃப்ட், இருபுறமும் வீடுகள். ஒன்று முகமென்றால் மற்றது கண்ணாடியில் தெரிகிற முகம். எதிர்வீடு, வாசலருகே பார்த்த மாதிரி வீட்டைப் போலவே இருந்தது. இவர்களுடையது அதைத் திருப்பிப் போட்டது. அவள் எடுத்த அளவுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. தைத்த திரைகள் கச்சிதமாகப் பொருந்தின. டேப்புக்கு நீளம் அகலம் தெரியும். இடம் வலம் தெரியாது.

விற்பனைக்காரர் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னார்: "அளவு ஒண்ணுதானே மேடம்? வரைபடத்துல காட்டியிருந்தோமே." காட்டித்தான் இருந்தார்கள். அவள்தான் பார்க்கவில்லை. எண்களைப் பார்த்தாள், படத்தைப் பார்க்கவில்லை.

மாஸ்டர் நம்பிக்கையாக ஒன்று சொன்னான். "மாமா, நீங்க ஆயுசு பூரா கண்ணாடியைப் பார்த்து முடி வெட்டினவரு. இடம் வலமாத் தெரியறது உங்களுக்குப் புதுசா என்ன?"

அப்பா சிரித்துவிட்டார். "கண்ணாடியைப் பார்த்தது கண்ணு மாப்ள. அது போயிடுச்சு. காலு எங்க கண்ணாடி பார்த்துச்சு?"

அவர் முயற்சி செய்யாமலில்லை. ஆனால் கால் பழையதையே பேசியது. சமையலறை என்று நினைத்துக் கழிப்பறைக்குள் நின்றார். முழங்காலில் ஒரு காயம் ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. டேப்பு முதலில் அரைநாள் விடுப்பு எடுத்தாள், பிறகு முழுநாள். கடை முதலாளி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "மாசக் கடைசியில உங்க அண்ணனை வரச் சொல்லியிருக்கேன். அவன் வீட்டுக்குப் போயிடறேன்."

"அங்க உங்களுக்குப் பிடிக்காதேப்பா?"

"நல்லாத்தான் வெச்சுக்குவாங்க. என்ன, அங்க நான் ஒரு பார்சல். கையைப் பிடிச்சு இங்கேருந்து எடுத்து அங்க வைப்பாங்க. இங்கயும் பார்சல்தான்னு ஆயிட்டப்புறம், உன் வேலையாவது கெடாம இருக்கட்டும்."

அப்பா வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக வாங்கிய வீடு. அந்த வீட்டால்தான் அவர் போகப்போகிறார்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் மதியம் அவள் கடையிலிருந்து ஓடிவந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மாஸ்டர் உள்ளே குறட்டைவிட்டுக்கொண்டிருந்தான். அப்பாவைக் காணவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள நடைபாதையில் நடந்து பழகுகிறேன் என்று அவர் அடிக்கடி வெளியே போவதுண்டு. டேப்பு படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தாள். அப்போது லிஃப்ட் திறந்து எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

எதிர்வீட்டுக்காரி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள். எதிரில் யார் நின்றாலும் அவர்களைப் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களாகவே நடத்துவாள். மாஸ்டர் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்று பெயர் வைத்திருந்தான்.

"ஏன் இப்படி ஓவர் ஸ்பீடு?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை. அவள் வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"டேப்பு! சர்க்கரை டப்பாவை எங்க ஒளிச்சு வெச்ச?"

ஸ்டியரிங் அக்காவிடம் சாவி வாங்கி வாஷிங் மெஷின் மாட்ட வந்த ஆள் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஏதோ சாமான் எடுக்கக் கீழே போயிருந்தான். நடைபாதையில் திரும்பும்போது அப்பாவுக்குத் திசை மாறியிருக்கிறது. இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

சமையலறையில் அப்பா டீயைக் கோப்பையில் ஊற்றினார். அடுப்பை அணைத்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு, எந்தச் சுவரையும் தொடாமல், கூடத்தின் நடுவாக நடந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். சொந்தக் கடைக்குள் நடக்கிற பழைய நடை அது. டேப்பு அதைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"யாரு இவரு?" என்றாள் ஸ்டியரிங் அக்கா தணிந்த குரலில்.

"எங்கப்பா. தப்பா வந்துட்டாரு. மன்னிச்சுக்குங்கக்கா, அவருக்குக் கண்ணு…"

"தெரியாதா? சும்மா சொல்லாதீங்க. என் ஸ்டூடன்ட்ஸ் ஒருத்தரும் இப்படி நேரா ஓட்ட மாட்டாங்க."

அப்பா பேச்சுச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "பார்த்தியா? இன்னைக்கு ஒரு இடத்துலயும் இடிக்கலைம்மா! காலு வழிக்கு வந்துடுச்சு. அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடு."

ஸ்டியரிங் அக்காதான் பேசினாள்.

"ஐயா, இந்த வீட்டுல சர்க்கரை கிடையாது. எனக்கு சுகர்."

"யாரும்மா நீ?"

"வீட்டுக்காரி."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து நின்று கை கூப்பினார். இதுவரை காற்றில் மிதந்துவந்த மனிதர், அடுத்தவர் வீடு என்று தெரிந்த அந்த நொடியில் சுவரைத் தேடிக் கையை நீட்டினார்.

மறுநாள் மாலை ஸ்டியரிங் அக்கா இவர்கள் வீட்டுக்கு வந்தாள். மாஸ்டர் கொண்டுவந்திருந்த ரொட்டியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அப்பா அறைக்குள் படுத்திருந்தார்.

"நாம மாத்திக்கலாமே" என்றாள், பஸ்ஸில் சீட்டு மாறுகிறதைப் போல. "நான் வர்றது தூங்கத்தான். கிச்சன் எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன?"

டேப்பு முந்திக்கொண்டாள். "பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா. திரும்பவும் பத்திரம், பதிவு…"

"பேங்க்கா வந்து இங்க படுக்கப் போகுது? பத்திரம் இருக்கிறபடி இருக்கட்டும். உங்க வீடு உங்க பேர்ல, என் வீடு என் பேர்ல. ஆளுங்க மட்டும் மாறிக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் டேப்பு. உடனே சரி என்று சொல்லாத தன் வாயைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கூடத்துச் சுவரில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. குடிவந்த மறுநாளே, யாரிடமும் கேட்காமல் அவள் தன் கையால் அடித்த ஆணி. அடித்துவிட்டுக் கொஞ்சநேரம் சுத்தியலைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள். எதிர்வீட்டுக்குப் போனால் மறுபடியும் அடுத்தவர் சுவர். மறுபடியும் போய் நின்று, கேட்டு, தலையாட்டி…

அக்கா போனபிறகு மாஸ்டர் ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியுது. நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லாம இருக்கிறதே சொல்ற மாதிரிதான் இருக்கு."

"அப்ப சொல்லிட்டேன்னு வெச்சுக்க."

அவள் அன்றும் பதில் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. லிஃப்டில் ஸ்டியரிங் அக்காவைப் பார்த்தால் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் அப்பாவின் கட்டிலருகே ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைப்பது அவள் வழக்கம். ஒருநாள் மாலை திரும்பிவந்து பாட்டிலைத் தூக்கினாள். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது. வெயில் கொளுத்திய நாள்.

"தண்ணியே குடிக்கலையாப்பா?"

"தாகம் எடுக்கலைம்மா."

அவர் உதடு வெடித்திருந்தது. டேப்பு பாட்டிலையும் அவரையும் பார்த்தாள். பிறகு அறையைத் தாண்டியிருந்த குளியலறைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தால் அங்கே போகவேண்டி வரும். போவதற்கு மாப்பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பவேண்டும், இல்லாவிட்டால் இடித்துக்கொள்ளவேண்டும். நேற்றும் பாட்டில் கனமாகத்தான் இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. முந்தாநாளும்.

அவள் தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். நேரே போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள்.

"மாத்திக்கலாம்க்கா" என்றாள். "இந்த வாரமே."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரம் நியூட்ரல்ல நின்னீங்களா?" என்றாள் ஸ்டியரிங் அக்கா.

விடுமுறை நாளில் குடிமாறினார்கள். லிஃப்டுக்குக்கூட வேலையில்லை. கட்டிலும் பீரோவும் நடைபாதையின் குறுக்கே போயின, நாற்காலியும் ஸ்டியரிங் அக்காவின் பெட்டிகளும் எதிரே வந்தன. பாதி வேலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நின்றார். ஓய்வுபெற்ற மனிதர், சட்டைப்பையில் விசில் வைத்திருப்பவர்.

"இது எந்த விதியில வருது?"

"கூடாதுன்னு எந்த விதியில வருது சார்?" என்றான் கட்டிலின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டிருந்த மாஸ்டர்.

"அதில்லை. மெயின்டனன்ஸ் யாரு கட்டுவாங்க? பார்க்கிங் யாருக்கு? கூட்டத்துல யாருக்கு ஓட்டு?"

"ஓனருக்கு உள்ளது ஓனருக்கு" என்றாள் ஸ்டியரிங் அக்கா. "குடியிருக்கிறவங்களுக்கு உள்ளது குடியிருக்கிறவங்களுக்கு. கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க சார், பீரோ வருது."

செயலாளர் ரிவர்ஸ் எடுத்தார். எந்தப் பெயரை எந்தக் கதவில் எழுதுவது என்று அவர் கடைசிவரை முடிவுக்கு வரவில்லை. இரண்டு கதவிலும் எண் மட்டும்தான் இருக்கிறது.

திரைகளைக் கழற்றி எதிரே மாட்டினாள் டேப்பு. ஒரு விரற்கடை பிசகவில்லை. அப்பா வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். வலது பக்கம் திரும்பினார். சமையலறைக்குள் குழாய் திறக்கும் சத்தமும் தம்ளர் நிறையும் சத்தமும் கேட்டன. இரண்டு தம்ளர் குடித்தார். பிறகு, யாரையும் கூப்பிடாமல், இடது பக்கமாகப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு பழைய மெட்டை முணுமுணுக்கும் குரல் வந்தது. அண்ணனுக்கு மாஸ்டரே தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

கண்ணாடி மட்டும் பழையபடி போர்வைக்குள் போனது. டேப்பு அதைக் கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிறுத்தினாள். எதிரே போய் ஓர் ஆணிக்கு அனுமதி கேட்டால் போதும். வாய் வரவில்லை. இதோ நாளை, இதோ நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டாள். அவ்வளவு பெரிய உதவி செய்தவளிடம் போய் உன் சுவரைத் துளைக்கட்டுமா என்று எப்படிக் கேட்பது?

ஒருநாள் மாலை கூடத்தில் உட்கார்ந்து ஒரு திரையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது.

"ஓனரம்மா!" ஸ்டியரிங் அக்கா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "உங்க வீட்டு கிச்சன் குழாய் ஒழுகுது. ராத்திரி பூரா சொட்டுச் சொட்டுன்னு ஒரே இம்சை."

டேப்புவின் கவனம் ஊசியில் இருந்தது. "பார்க்கலாம்" என்றாள்.

சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஊசி கையிலேயே நின்றுவிட்டது. அறைக்குள் அப்பா வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஓனர் ரத்தம் ஏறிடுச்சுடா மாப்ள!"

தூக்கம் கலைந்த மாஸ்டரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தான். டேப்பு துணியைத் தள்ளிவிட்டு எழுந்து, அலமாரியில் ஸ்பானரைத் தேடி எடுத்தாள். வாசலைத் தாண்டும்போது, சிரிப்பின் சூடு ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்:

"அக்கா, உங்க ஹால் சுவர்ல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா? அப்பாவோட கண்ணாடி ஒண்ணு…"

ஸ்டியரிங் அக்கா கொஞ்சமும் சிரிக்காமல், கண்ணை மேலே தூக்கி யோசித்தாள்.

"பார்க்கலாம்."

"ரெண்டு ஓனருங்களும் பேசி முடிங்க" என்று அப்பாவின் குரல் இப்போது சமையலறையிலிருந்து வந்தது. "நான் டீ போடறேன். ஒண்ணு சர்க்கரை இல்லாம."

டேப்பு நடைபாதையைக் கடந்து தன் வீட்டுக்குள் நுழைந்தாள். தன் பெயரில் இருக்கும் வீடு. நுழைந்த வேகத்தில் வலது பக்கம் திரும்பி, நேரே போய்ச் சுவரில் தோளை இடித்துக்கொண்டாள்.

"லெஃப்ட் எடுங்க, லெஃப்ட்!" என்றாள் பின்னால் வந்தவள். "வீட்டுக்காரிக்கே வழி தெரியல."

தோளைத் தேய்த்துக்கொண்டே டேப்பு இடது பக்கம் திரும்பினாள். குழாய்க்கு அடியில் வைத்திருந்த கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. குனிந்து, ஸ்பானரை மாட்டி, பலத்தையெல்லாம் கூட்டி ஒரு திருகு திருகினாள்.